அண்ணி போடாத கோடு

எங்கள் வீட்டில் அண்ணிக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. வைத்தது நான்தான். வீட்டைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டு, தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு, ஒரு நிமிஷம் இருங்க என்று திரும்பி ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண்ணை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினோமா என்று எல்லாவற்றுக்கும் இரண்டு நடை நடப்பாள். அவளோடு சினிமாவுக்குக் கிளம்பினால் முதல் காட்சியை நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எனக்கு ‘வாய்’ என்று பெயர் வைத்தாள். இந்த வீட்டுக்கு நாய் எதுக்கு, அதான் வாய் இருக்கே என்று எங்கள் அம்மாவிடமே சொன்னவள். அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் சண்டை என்று நினைத்தார்கள். பாதி நாள் சண்டைதான். ஆனால் வெளியாள் யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு என்னிடம் திண்டாட்டம்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். உயரமான கட்டடங்களில் லிஃப்ட்டுப் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, இரும்பு வடத்தைப் பிடித்திருக்கும் நட்டுகளை முடுக்குகிற வேலை. அங்கே பழகியதுதான் இந்தக் கோடு போடும் வழக்கம். ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், நட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட வேண்டும். அப்புறம் நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். முடுக்கிய கைதான் கோடு போட வேண்டும். அடுத்தவர் நிறத்தை இன்னொருவர் தொடக்கூடாது. கோடு போட்டாயிற்று என்றால் இந்த நட்டுக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். முகம் தெரியாத யாரோ பிள்ளை குட்டிகளோடு அந்தப் பெட்டிக்குள் ஏறப் போகிறார்களே என்பாள்.

அவள் நிறம் சிவப்பு. எண்ணெய் பட்டாலும் அழியாது என்பதால் நகப்பூச்சைத்தான் வைத்துக்கொள்வாள். நகத்தில் ஒரு தடவைகூடப் போடாமல் புட்டி புட்டியாக நகப்பூச்சு வாங்கிய பெண் எங்கள் தெருவிலேயே அவள் ஒருத்திதான். கடைக்காரம்மா அவளைப் பெரிய அலங்காரப் பிரியை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தான். இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. அவனுக்குப் பந்தயக் கார் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். எங்கள் தம்பியை, நாங்கள் சின்னவன் என்று கூப்பிடுவோம், கோ-கார்ட் என்கிற குட்டிக் கார்ப் பந்தயங்களுக்குத் தோளில் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போவான். சின்னவன் நாலைந்து கோப்பைகளோடு வந்ததும் அண்ணனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. வேலையை விட்டான். பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தான். ‘டீம்’ என்றான். டீமில் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் அவன், அவன் பெண்டாட்டி, அவன் தங்கை, ஓட்டுவதற்கு அவன் தம்பி. கேட்டவர்கள் சிரித்தார்கள். கேட்டவர்களைவிட நான் அதிகம் சிரித்தேன், சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சொந்தமாகச் செய்த முதல் வண்டி, அதுவும் ஒற்றை இருக்கை வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. சின்னவனின் இடுப்பளவுக்கு ஒரு பள்ளம், அதற்குள் அவன் கால் நீட்டிப் படுத்தாற்போல் உட்கார வேண்டும். முன்மூக்கும் பக்கத் தகடுகளும் நான் ஃபைபரில் வார்த்தவை. கையெல்லாம் அரித்துக் கொட்டியது. எஞ்சின் அண்ணனுடையது, நீலக் கோடு. சக்கரங்களும் அவற்றை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கைகளும் அண்ணியுடையவை, சிவப்புக் கோடு. முதலில் அண்ணன் இந்தக் கோட்டு விவகாரத்தைக் கிண்டலடித்தான். லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும், என் வண்டி ஓடும் என்றான். அதுக்குத்தான் சொல்றேன் என்றாள் அண்ணி. அதோடு அவன் வாயை மூடிக்கொண்டு நீல நிறத்தில் ஒரு பேனா வாங்கி வந்தான்.

புது டீம் என்றால் பந்தயப் பருவத்தில் சேர்த்துக்கொள்ளுமுன் ஒரு சோதனை ஓட்டம் உண்டு. வண்டி ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து சுற்று முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முடித்தால் இந்த வருஷம் பந்தயத்தில் நாமும் உண்டு. முடிக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் கொட்டகை எங்களிடம் இருக்காது, டயர் தருவதாகச் சொல்லிக் கூடவே வந்திருந்த டயர்க்கடைக்காரரும் இருக்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று காலை கிளம்பும்போதே வீட்டில் முட்டிக்கொண்டது. அண்ணி வழக்கம்போலக் கதவை இழுத்துப் பார்க்கத் திரும்பினாள். அண்ணனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“இன்னிக்கு ஒரு நாளாவது சந்தேகப்படாம இருக்கியா? உன்னால எல்லாருக்கும் கை நடுங்குது. சின்னவன் மூஞ்சியப் பாரு.”

சின்னவன் உண்மையிலேயே வெளுத்துப்போய்த்தான் இருந்தான். நானும் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. இன்னிக்கு மட்டும் லீவு விடுங்க அண்ணி, சந்தேகத்துக்கு என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. சரி என்றாள். பூட்டைத் தொடாமலே வாடகை வேனில் ஏறிக்கொண்டாள்.

ஓடுபாதையை ஒட்டி வரிசையாக, வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் கொட்டில்கள். எங்களுக்குக் கடைசிக் கொட்டில். பரிசோதகர் காதை மூடும் பெரிய கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர். கோடுகளைப் பார்த்துவிட்டு, சிவப்பு யாரு, நீலம் யாரு என்று கேட்டுக்கொண்டார். நல்ல பழக்கம் என்றார். அப்புறம் அதே குரலில், ஏதாவது ஒரு நட்டு பிசகினால் கோட்டுக்காரர் இந்த வருஷம் பிட்டுக்குள் கால் வைக்க முடியாது, டீம் தலைவரே தப்புச் செய்திருந்தால் டீமே வெளியே என்றார். டீம் தலைவர் என்று பேர் கொடுத்திருந்த அண்ணன் அதெல்லாம் நடக்காது என்பதுபோலத் தலையாட்டினான். கடைசியாகப் பரிசோதகர், வண்டியின் பின்பக்கம் தரையோடு ரொம்ப ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் உயர்த்துங்கள், சக்கரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரு தடவை முடுக்கிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார்.

அங்கேதான் ஆரம்பித்தது. அண்ணி பின்சக்கரக் கைகளைக் கழற்றி, உயர்த்தி, மறுபடி மாட்டினாள். பழைய கோடுகளைத் துடைத்தாள். வலப்பக்க நட்டையும் இடப்பக்க நட்டையும் விரலால் சுற்றி உட்கார வைத்தாள். பிறகு முன்பக்கம் போய் டார்க் ரெஞ்சால் முடுக்கினாள். டார்க் ரெஞ்ச் என்பது வேறொன்றுமில்லை, பிடியைத் திருகி எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும். முன்பக்கத்துக்கு ஓர் அளவு, பின்பக்கத்துக்கு அதைவிட அதிகம். முன்பக்கம் முடித்து, கோடு போட்டு, பின்பக்கம் போய் வலப்பக்கச் சக்கரத்துக்குக் கீழே தன் கருவிப் பையை வைத்து உட்காரப் போன நேரத்தில் சின்னவன் கத்தினான். அவனை இருக்கையோடு கட்டிவைக்கும் தோள் வார் பின்னால் முறுக்கிக்கொண்டு மாட்டமாட்டேன் என்கிறது. அந்தச் சந்துக்குள் நுழைகிற கை எங்கள் நாலு பேரில் அண்ணியுடையது ஒன்றுதான். ரெஞ்சை முன்பக்கத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். வாரைச் சரிசெய்ய ரொம்ப நேரம் பிடித்தது. அதற்குள் பழையதாக வாங்கின ரேடியோ வேறு கொர்ரென்று இரைந்துவிட்டு உயிரை விட்டது. நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி நிமிர்ந்து வந்து பார்த்தபோது வண்டி தரையில் இறக்கப்பட்டிருந்தது. பரிசோதகர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், எல்லாம் முடிந்தது என்றான் அண்ணன். அண்ணி குனிந்து பார்த்தாள். பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு.

அவள் முகத்தை நான் பார்த்தேன். என்னவோ கேட்க வாய் திறந்தாள். அந்த வாரம் முழுக்க அந்த நட்டுகளைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அவளுக்கே நேற்று முடுக்கியது எது, இன்று முடுக்கியது எது என்று குழம்பியிருக்க வேண்டும். அடுப்பை அணைத்தோமா என்று நமக்கு வருமே, அந்தக் குழப்பம்தான். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் கொடுத்த வார்த்தை இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எஞ்சின் பிடித்தது. சின்னவன் வெளியே போனான்.

முதல் சுற்றில் எங்கள் வண்டி திருப்பத்தைத் தாண்டி நேர்ப்பாதையில் வந்ததைப் பார்த்தபோது நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். நான் வார்த்த மூக்கு, அரித்த என் கை, என் தம்பியின் தலைக்கவசம், எல்லாம் ஒரே நொடியில் என்னைத் தாண்டிப் பறந்தது. அண்ணன் பிட் சுவரை இரண்டு கையாலும் குத்தினான். டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். ரேடியோ செத்துவிட்டதால் சின்னவனோடு பேச இருந்த ஒரே வழி என் கையில் இருந்த பலகைதான். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை முடிந்தது என்று எண்ணை மாட்டி நீட்டுவேன். வரச் சொல்ல வேண்டுமானால் ‘உள்ளே’ என்ற தகட்டை மாட்டி நீட்ட வேண்டும்.

ஏழாவது சுற்றோ எட்டாவதோ, அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் டார்க் ரெஞ்ச். பிடியில் வைத்திருந்த அளவை என் மூக்குக்கு நேராகக் காட்டினாள்.

“இது முன்பக்கத்து அளவு.”

“அதுக்கென்ன அண்ணி?”

“பின்பக்கம் முடுக்கியிருந்தா இத மாத்தியிருப்பேன். மாத்தவே இல்ல. நான் முடுக்கல.”

கோடு இருந்ததே என்றேன். அவள் நேராக அண்ணனிடம் போனாள். நானும் பலகையோடு பின்னாலேயே போனேன். பின்னாடி நட்டு ரெண்டையும் யாரு முடுக்கினது என்று கேட்டாள். நீதான் என்றான் அவன், ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் ரெஞ்சைக் காட்டினாள். அவன் பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் கோபம் வந்துவிட்டது. ஆமாம், பரிசோதகர் வந்துவிட்டார், நீ வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய், நான்தான் முடுக்கினேன், இருபது வருஷக் கை, உன் டக் சத்தம் இல்லாவிட்டால் நட்டு நிற்காதா என்று பொரிந்தான்.

அண்ணி மெல்லிய குரலில் கேட்டாள். “நீங்க முடுக்கினா உங்க நீலத்தப் போட வேண்டியதுதான?”

“நீலம் போட்டா, சக்கரத்துல எதுக்கு நீலம்னு கேப்பாரு. மறுபடி முதல்லேர்ந்து பாப்பாரு. நேரம் போயிடும்.”

“அவன உள்ள கூப்பிடுங்க.”

“மாட்டேன். அது இறுகித்தான் இருக்கு.”

வண்டி எங்களைத் தாண்டிப் போனது. எட்டு. அண்ணி அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அண்ணனுக்கு அது புரிந்துவிட்டது.

“பலகையில கைய வச்ச, அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத,” என்றான் என்னிடம்.

என் அண்ணன் என்னை அப்படிப் பேசியதே இல்லை. அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தவன் அவன். இந்த வண்டிதான் அவன் உயிர் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், இவள் யார்? பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிறவள். இழுத்துப் பார்த்த நூறு தடவையில் ஒரு தடவைகூடக் கதவு திறந்திருந்ததில்லை. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்கச் சொல்கிறாள். எனக்குக் கோபமாக வந்தது, அவள்மேல்தான். ஆனால் தூரத்துத் திருப்பத்தில் அந்த வண்டியின் சத்தம் ஏறி இறங்கியபோது, உள்ளே இருக்கிறவன் நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன் என்ற நினைப்பு வந்தது. எண்ணைக் கழற்றி எறிந்துவிட்டு ‘உள்ளே’ தகட்டை மாட்டி, சுவருக்கு வெளியே பலகையை நீட்டினேன்.

சின்னவன் பார்த்தான். வேகம் குறைந்தது. அண்ணன் சுவர்மேல் பாய்ந்து ஏறி, போ போ என்று கையை வீசினான். சின்னவன் யார் சொல்வதைக் கேட்பான்? போய்விட்டான்.

அந்த ஒரு சுற்றை என்னால் மறக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டால் வண்டி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். சத்தம் தேய்ந்தபோதெல்லாம் நான் சுவருக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். அண்ணி இரண்டு கையாலும் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அண்ணன் மறுபடி சுவரில் ஏறப் போனான். நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பட்டன் தெறித்தது. விடுடி என்றான். நான் விடவில்லை. ஒரு கையில் சட்டை, ஒரு கையில் பலகை. வண்டி நேர்ப்பாதையில் வந்தது. இந்தத் தடவை கைவீச ஆளில்லை. சின்னவன் அடுத்த சுற்றில் உள்ளே திரும்பினான்.

வண்டி கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்று எஞ்சின் அணைந்தது. பரிசோதகரும் டார்ச்சோடு வந்துவிட்டார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று சின்னவன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணன் இடப்பக்கம் போய் நின்று, இங்க வா, இதத்தான் நான் முடுக்கினேன், உன் ரெஞ்சப் போட்டுப் பாரு என்றான்.

அண்ணி பிடியைத் திருகிப் பின்பக்கத்து அளவுக்கு வைத்தாள். மண்டியிட்டு நட்டில் மாட்டி அழுத்தினாள்.

டக்.

ஒரு நூல்கூட நகரவில்லை. அண்ணன் கை கச்சிதமாகத்தான் முடுக்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போ திருப்தியா என்று அவளைக் கேட்டான். இன்னும் நாலு சுற்று, இப்பவே விட்டால் நேரத்துக்குள் முடித்துவிடலாம், தள்ளு, எல்லாரும் தள்ளுங்கள் என்று கத்தினான். சின்னவன் எஞ்சினைக் கிளப்பக் கை நீட்டினான். நானும் பின்னால் போய் வண்டியில் கை வைத்துவிட்டேன். நாம்தான் தப்பு, இவள் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் கெடுத்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அண்ணி எழுந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவளைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும்.

“வேற எதுலயாவது என் கோட்டப் போட்டீங்களா?”

அண்ணன் நகரு என்றான். அவள் அதே கேள்வியை அதே மாதிரி மறுபடியும் கேட்டாள். அவன் சலிப்போடு சொன்னான், வலப்பக்கமும் போட்டேன் என்று. அதை ஏன் கேட்கிறாய், அதை முடுக்கியது நீதானே, உன் பை அங்கேதானே கிடந்தது, நட்டு உட்கார்ந்திருந்தது, கோடு மட்டும்தான் விட்டுப்போயிருந்தது, அதனால் போட்டுவிட்டேன்.

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். அண்ணி வலப்பக்கத்தில் ரெஞ்சே வைக்கவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணி அதற்குள் வலப்பக்கம் மண்டியிட்டிருந்தாள். நானும் குனிந்தேன். சிவப்புக் கோடு இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி இரும்பில் இருந்த இடத்தில் இருந்தது. மறுபாதி நட்டோடு சுற்றிக்கொண்டு எங்கேயோ கீழ்ப்பக்கம் போயிருந்தது. நட்டு போல்ட்டின் நுனிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலால் அதைத் தொட்டாள். ஒரு சுற்று. கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அடுத்த சுற்றில் அந்த நட்டு விழுந்திருக்கும். அதற்கு அடுத்ததில் போல்ட்டு. அப்புறம் சக்கரம். அந்த வேகத்தில் சக்கரம் போனால் உள்ளே இருப்பவன் என்ன ஆவான் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. பாவி, பாவி என்று முனகிக்கொண்டே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பரிசோதகர் டார்ச்சை நட்டில் அடித்தார். சிவப்பு. நிதானமாக அவர் அண்ணியைப் பார்த்து, இது உங்க கோடுதானே அம்மா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலை யோசித்துச் சொல்லுங்கள் என்பதுபோல இரண்டடி தள்ளி நின்று, போய்க்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தார்.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

“உன்னோடதுன்னு சொல்லிடு. உன்ன மட்டும்தான் நிறுத்துவாங்க. அப்படியே முடுக்கிவிட்டுட்டு நாலு சுத்து ஓட்டிடலாம். டீம் தப்பிச்சிடும்.”

அண்ணி நட்டை உள்ளங்கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“என் கோட்ட நம்பித்தான அவன் உள்ள ஒக்காந்தான்,” என்றாள். “நான் எப்படிங்க சொல்லுவேன்?”

இதெல்லாம் நடந்தது சின்னவனின் தோளுக்கு ஓர் அடி தூரத்தில். வார்களால் கட்டிப்போட்டபடி உட்கார்ந்திருந்த அவனுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. நாங்கள் அவனை மறந்தே போய்விட்டோம். டக் டக்கென்று வார்களை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. இந்த மாதிரி வண்டியில் ஸ்டியரிங்கைக் கழற்றாமல் ஆள் எழுந்திருக்க முடியாது. அவன் அதைக் கழற்றினான். வெளியே இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றியபோது முடியெல்லாம் வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. நேராக அண்ணனிடம் வந்து ஸ்டியரிங்கை அவன் கையில் வைத்தான்.

“இந்தாண்ணா. மிச்சம் நாலு சுத்த நீ ஓட்டு.”

குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன் என்னடா என்று ஏதோ சொல்ல வந்தான். சின்னவன் அவனைப் பேச விடவில்லை.

“இதுல ஒரு சீட்டுதான இருக்கு. நீ ஒக்காரு, அண்ணி பலகையப் பிடிக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் போய் அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அண்ணி நட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் அண்ணன் எதிரே தனியாக நின்றான். சட்டையில் பட்டன் இல்லை, கையில் ஸ்டியரிங். அவன் அந்தக் காலி இருக்கையைப் பார்த்தான், வலப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

அண்ணன் ஸ்டியரிங்கை மெதுவாகத் தரையில் வைத்தான். பரிசோதகரிடம் போய், நான்தான் போட்டேன் என்றான்.

அந்த நேரம் பார்த்து வேறொரு வண்டி இரைந்துகொண்டு போனது. பரிசோதகர் காதுக் கவசத்தைத் தூக்கி, என்ன சொன்னீங்க என்று கேட்டார்.

“அந்தக் கோடு என் பொண்டாட்டியோடது இல்ல சார். அவ கலர எடுத்து நான் போட்டேன். முடுக்காமயே போட்டேன்,” என்று அண்ணன் பக்கத்துக் கொட்டில்களுக்கெல்லாம் கேட்கும்படி இன்னும் சத்தமாகச் சொன்னான்.